தராசு அக்காவின் வயிறு

நான் பார்க்கும் வேலையைச் சொன்னால் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் நம்ப மாட்டார்கள். சுவரில் ஒரு முழ அகலத்துக்குச் சின்னக் கதவு ஒன்று இருக்கும். அதைத் தூக்கித் தட்டை உள்ளே தள்ளிவிட்டு, கதவை இறக்கிவிட வேண்டும். உள்ளே ஒருவர் உட்கார்ந்து சாப்பிடுவார். அவர் முகம் எனக்குத் தெரியக் கூடாது, என் முகம் அவருக்குத் தெரியக் கூடாது, பேச்சும் கூடாது. என் மூஞ்சியைப் பார்த்தால் பசி போய்விடும் என்று எங்கள் பிரிவைக் கவனிக்கிற மேடம் நினைத்தாரோ என்னவோ, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அப்படித்தான் சட்டம் சொன்னார்.

எங்களுடையது பாக்கெட் உணவு செய்கிற கம்பெனி. பின்பக்கத்தில் வரிசையாக ருசி அறைகள் இருக்கின்றன. அறை என்பது மரியாதைக்குச் சொல்வது, துணி அலமாரியைவிடக் கொஞ்சம் பெரிது. உள்ளே ஒரு நாற்காலி, ஒரு பலகை, மேலே சிவப்பு விளக்கு. அந்த வெளிச்சத்தில் எந்த உணவைப் பார்த்தாலும் ஒரே நிறமாகத்தான் தெரியும். கண் முந்திக்கொண்டு தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. பலகையின் ஓரத்தில் ஒரு குமிழ் இருக்கும். அதன் ஒரு முனையில் ‘பசி’, மறு முனையில் ‘போதும்’. சாப்பிட்டு முடித்தவர் அங்கேயே உட்கார்ந்து, அவ்வப்போது தன் வயிற்றைக் கேட்டு அந்தக் குமிழை நகர்த்த வேண்டும். வேளை முடிந்ததும் ரொட்டி மேஜைக்குக் கூட்டிப் போவார்கள். வேண்டிய மட்டும் தின்னலாம். அவர் எழுந்து போனதும் மிச்ச ரொட்டியை நிறுத்துப் பார்ப்பார்கள். குமிழ் பொய் சொல்லியிருந்தால் ரொட்டி காட்டிக்கொடுத்துவிடும்.

கடைசி அறை தராசு அக்காவுடையது. மற்றவர்கள் வயிறு ஒரு நாள் இருப்பது போல் மறுநாள் இருக்காது. வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த அன்று ஒருத்தி மூட்டைக்கணக்கில் தின்பாள், இன்னொருத்தி தண்ணீரைக்கூடத் தொட மாட்டாள். அக்காவின் குமிழும் ரொட்டியும் மட்டும் ஒருநாளும் தகராறு செய்துகொண்டதில்லை. அதனால்தான் அந்தப் பெயர். மாவு நிறுக்கும் தராசுக்கே எடைக்கல் வைத்துச் சரிபார்ப்பார்கள், அக்காவுக்கு அதுவும் தேவைப்படவில்லை. எங்கள் இரண்டு பேர் வீடும் பக்கத்துப் பக்கத்துத் தெரு என்பதால் ஒரே பஸ்ஸில் போய் வருவோம். பேசக் கூடாது என்ற சட்டத்துக்கெல்லாம் பஸ்ஸில் வட்டியும் முதலுமாகப் பழிவாங்கிக்கொள்வோம்.

எல்லாத் தட்டிலும் கலோரி ஒன்றாகத்தான் இருக்கும். ஆனால் தட்டுகள் ஒன்றாக இருக்காது. அவித்த உருளைக்கிழங்கு என்றால் தட்டு நிறையக் குவிந்திருக்கும். அதே கலோரிக்கு வெண்ணெய் பன் ஒரு கையில் அடங்கிவிடும். உருளைக்கிழங்கு சாப்பிட்ட அன்று அக்காவின் குமிழ் ‘போதும்’ பக்கம் போய் ஆணி அடித்தது போல் நிற்கும். பன் தின்ற அன்று நான் தட்டைக் கழுவி முடிப்பதற்குள் ‘பசி’ பக்கம் திரும்பிவிடும். ஏன் இப்படி என்று ஒருமுறை மேடத்திடம் கேட்டேன். கேட்டால் சிடுசிடுக்காமல் பதில் சொல்கிற மனுஷி அவர்.

“கிழங்குல தண்ணி இருக்கு, நார் இருக்கு, கனம் இருக்கு. மெல்லணும், முழுங்கணும். வயித்துல இடத்தைப் புடிக்கும், அதனால வயிறு கவனிக்கும். முட்டை, பருப்பு, மீன் எல்லாம்கூட ரொம்ப நேரம் தாங்கும். வெண்ணெயும் சர்க்கரையும் கொஞ்ச இடத்துல ஒளிஞ்சுக்கிட்டு வரும். வயிறு கவனிக்கறதுக்குள்ள உள்ள போயிரும்.”

அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொன்றும் சொன்னார். “நெறைவுங்கறது பாதிதான் வயித்துல. மீதி நெனப்புல இருக்கு. சாப்பிட்டத மறந்தவனுக்கு மறுபடியும் பசிக்கும்.”

அதைக் கேட்டதும் எனக்கு அக்காவின் வீட்டுக்காரர் ஞாபகம்தான் வந்தது. லிப்ட் மெக்கானிக். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். ஊரிலுள்ள லிப்டையெல்லாம் ஏற்றி இறக்கிய மனுஷன் குடியிருந்ததோ லிப்ட் வேலை செய்யாத கட்டடத்தில், மூன்றாவது மாடியில். கேட்டால், “டாக்டர் வீட்லதான் சீக்காளி இருப்பாங்க” என்று சிரிப்பார். வேலை செய்யும் இடத்தில் மேலேயிருந்து விழுந்த இரும்புத் துண்டு ஒன்று அவர் தலையைப் பதம் பார்த்தது. உயிர் தப்பியது. பழைய ஞாபகமெல்லாம் கல்லில் வெட்டியது போல் அப்படியே இருந்தது. சற்று முன் நடந்தது மட்டும் தங்கவில்லை. கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும், “சாப்பாடு ஆச்சா?” என்று கேட்பார். மேடம் சொன்னதற்கு நேரான உதாரணம் எங்கள் தெருவிலேயே இருந்தது. அக்காவும் சலிக்காமல் ஒரு சாப்பாட்டை நான்காகப் பிரித்து நான்கு வேளையாகப் போட்டாள்.

பிறகு ஒரு நாள் அது அப்படியே தலைகீழாக மாறியது.

காலையில் மூடி வைத்துவிட்டுப் போன சாப்பாடு சாயங்காலம் மூடியபடியே இருந்தது. மாமா திருப்தியாக ஏப்பம் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “ஏன் சாப்பிடல?” என்று அக்கா கேட்டாள்.

“இப்பதானே சாப்பிட்டேன். வயிறு கல்லு மாதிரி இருக்கு.”

“யாரு போட்டாங்க?”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தாராம். “என்ன கேள்வி இது? நீதான் எதிர்ல உட்கார்ந்து சாப்பிட்டியே.”

மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும் அப்படியே. சட்டை தோளிலிருந்து நழுவ ஆரம்பித்தது. டாக்டர் எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு, குடலில் கோளாறு இல்லை, தொண்டையில் கோளாறு இல்லை, ஆனால் எடை இப்படியே இறங்கினால் ஆள் தாங்க மாட்டார் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். மூக்கு வழியாகக் குழாய் போட்டுப் பார்த்தார்கள். வயிறு நிறைந்தவனுக்கு எதற்கு இது என்று மாமா பிடுங்கி எறிந்தார். பஸ்ஸில் அக்கா பேசுவதையே விட்டுவிட்டாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வருவாள், எப்போதாவது என் கையைப் பிடித்துக்கொள்வாள். அந்தக் கை என் கையைவிடக் குளிர்ந்திருக்கும்.

கீழ் வீட்டுத் தையல்காரியிடம் ஒரு சாவி கொடுத்து, மத்தியானம் போய்ப் பார்க்கச் சொல்லியிருந்தாள் அக்கா. அந்தத் தையல்காரி சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். “நான் இனிமே மேல போக மாட்டேன், என்னை விட்ருங்க” என்று மட்டும் சொன்னாளாம். எனக்குக் கோபம் வந்தது. ஊசியில் நூல் கோக்கிற தைரியம் இருக்கிறது, ஒரு சீக்காளியை எட்டிப் பார்க்கிற தைரியம் இல்லையா என்று திட்டிக்கொண்டே நானே ஒரு நாள் லீவு போட்டேன். எனக்குப் பதிலாகத் தட்டுத் தள்ளும் வேலைக்கு வேறொருத்தியை அமர்த்தினார்கள்.

மாமா சமையலறை மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். எதிர் நாற்காலி, யாரோ உட்காருவதற்கு வாகாக, கொஞ்சம் வெளியே இழுத்திருந்தது. நான் அதில் உட்காரப் போனேன். “அதுல வேண்டாம்மா, அவ வருவா” என்றார் சாதாரணமாக. நான் சுவரோரம் நின்றுகொண்டேன். நல்ல வெயில் நேரம். தெருவில் ஒருவன் இரும்புச் சாமான்களை உருட்டிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. வீட்டில் பயப்பட எதுவுமே இல்லை.

மாமா வாயைத் திறந்தார். மூடினார். மெல்ல ஆரம்பித்தார்.

வாயில் ஒன்றுமில்லை. எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் நான் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தேன். கன்னம் அசைகிறது, தொண்டை ஏறி இறங்குகிறது, விழுங்குகிற சத்தம்கூடக் கேட்கிறது. எதிர் நாற்காலியைப் பார்த்து லேசாகத் தலையாட்டிக்கொண்டே மென்றார். நிதானமாக, ஒரு தட்டு முழுவதையும் முடிக்கிற அளவு நேரம். முடிந்ததும் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“என்ன சாப்பிட்டீங்க மாமா?” என்றேன்.

“உருளைக்கிழங்கு. என்னமோ இவ இப்பல்லாம் உப்பே போடறதில்ல.”

ருசி அறைக்குப் போகும் எதிலும் உப்புப் போட மாட்டோம். அது கம்பெனிக்கு வெளியே யாருக்கும் தெரியாது, அக்காவும் வீட்டில் சொல்கிறவள் இல்லை. மறுநாள் போனதும் முதல் வேலையாக எனக்குப் பதில் வந்தவளிடம், “நேத்து கடைசி அறைக்கு என்ன தள்ளின?” என்று கேட்டேன்.

“கிழங்குதான். ஏன், தப்பா?”

துணி மாற்றும் அறையில் ஏப்ரனைக் கட்டிக்கொண்டிருந்த அக்காவிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படுவாள் என்று நினைத்தேன். முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த விரல்கள் மட்டும் நின்றன.

“தெரியும். பன் தர்ற அன்னிக்கு மட்டும் சாயங்காலம் நான் போறப்ப சோறு கொஞ்சம் குறைஞ்சிருக்கும். ராத்திரி நான் ஒரு வாய் சாப்பிட்டா, அவர் தன் தட்டுலேர்ந்து கைய எடுத்துக்குவார். எனக்குப் பைத்தியம்னு நீ சொல்லிருவியோன்னு வாயத் தொறக்கல.” பிறகு என் முகத்தைப் பார்த்தாள். “எது ரொம்ப சீக்கிரம் பசிக்கும்? அத எனக்குத் தள்ளு.”

சட்டமாவது ஒன்றாவது. அந்த வாரத்திலிருந்தே தட்டு மாற்ற ஆரம்பித்தேன். அப்போது கம்பெனியில் ஒரு புதுப் பொரி செய்துகொண்டிருந்தார்கள். பெயருக்குத்தான் பொரி, முக்கால்வாசியும் காற்று. நாக்கில் வைத்தால் மெல்ல வேண்டிய தேவையே இல்லாமல் கரைந்துவிடும். எவ்வளவு தின்றாலும் தின்றது போலவே இருக்காது. வாயில் மறைந்துபோவதை வயிறு கணக்கில் எடுத்துக்கொள்ளாது என்று மேடம் பெருமையாகச் சொல்வார், எங்கள் கம்பெனிக்கு அதுதான் தொழில் ரகசியம். கடைசி அறைக்கு வரவேண்டிய கிழங்கையும் முட்டையையும் பக்கத்து அறைக்குத் தள்ளிவிட்டு, அக்காவுக்குப் பொரியும் சர்க்கரைத் தண்ணீருமாகக் கொடுத்தேன். குமிழ் ‘பசி’யை விட்டு நகரவில்லை.

வீட்டில் மாமா சாப்பிட ஆரம்பித்தார். முதலில் மூடி வைத்த பாத்திரம் பாதி காலியானது, பிறகு முழுவதும். “இன்னிக்கு வழிச்சுச் சாப்பிட்டிருக்கார்டி” என்று பஸ்ஸில் சின்னப் பெண் மாதிரி என் தோளில் அடித்தாள் அக்கா. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவள் மணிக்கட்டைப் பார்த்தேன். வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. மாமாவுக்கு நன்றாகப் பசிக்க வேண்டும் என்பதற்காக அவள் பொரியையும் குறைத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளில் நான் தள்ளுகிற தட்டு அப்படியே திரும்பி வந்தது. ரொட்டி மேஜையில் ரொட்டியைத் தொடுவதில்லை. குமிழ் பசி என்கிறது, ரொட்டி குறையவில்லை. தராசு பொய் சொல்கிறது என்று மேடத்துக்குப் புரியவில்லை, உடம்பு சரியில்லை என்று நினைத்து லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார். அக்கா மாட்டேன் என்றாள். வீட்டில் இருந்தால் அடுப்பு வாசனைக்கே கை நீளும், அந்த அறையில்தான் வாயைக் கட்ட முடிகிறது என்றாள்.

“செத்துப் போயிருவ அக்கா” என்று நான் கத்தினேன். பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“அவர் எடை ஏறுதுல்ல?” என்றாள். அவளிடம் பேசி ஜெயிக்க முடியாது.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் நான் வீட்டில் ஒரு பெரிய பாத்திரம் நிறையப் பருப்பும் காயும் போட்டுக் கெட்டியாக சூப் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். எப்படியாவது அவள் வாயில் ஊற்றிவிட வேண்டும் என்ற வெறி. மாமா மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா எதிரே, அந்த இழுத்துப் போட்ட நாற்காலியில். முன்னால் தட்டு இல்லை. மாமா ஒரு தட்டை முடித்தார், அவள் மறுபடி நிரப்பினாள். அதையும் முடித்தார். நான் கொண்டுபோன சூப்பையும் வாங்கிக் குடித்தார். நெற்றியில் வேர்வை. அள்ளி அள்ளிப் போடுகிறார், கண் மட்டும் மிரண்டுபோயிருக்கிறது. ருசித்துச் சாப்பிடுகிறவன் கண் அப்படி இருக்காது. விழுங்க இடமில்லாமல் இருமினார். இருமிக்கொண்டே ரொட்டிக்குக் கை நீட்டினார்.

“போதும் மாமா” என்றேன்.

“போதலம்மா.” அழுதுவிடுவார் போல் இருந்தது. “வயிறு வெடிக்கற மாதிரி இருக்கு. ஆனா பசி போகல. எங்கிருந்தோ வருது.”

கையில் எடுத்த ரொட்டியை அவர் வாய்க்குக் கொண்டுபோகவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு அக்காவைப் பார்த்தார். காலையில் குளித்தோமா என்பதுகூடத் தெரியாத மனுஷன். அவளுடைய கன்னத்தைப் பார்த்தார், கழுத்து எலும்பைப் பார்த்தார், தளர்ந்த ரவிக்கைக் கையைப் பார்த்தார். பிறகு ரொட்டியைத் தட்டில் வைத்து, தட்டை மெதுவாக அவள் பக்கம் தள்ளினார்.

“இது என் பசி இல்ல” என்றார். “எனக்கு இந்த மாதிரி பசிச்சதே கிடையாது. இது உன்னோடது. நீ சாப்பிடு.”

அக்கா தலையை ஆட்டினாள். முடியாது, முடியாது என்று வாய் அசைந்தது.

“நீ சாப்பிட்டாத்தான் எனக்கு அடங்கும். சாப்பிடு தாயி. என்னால தாங்க முடியல.”

அவள் ரொட்டியைப் பிய்த்து வாயில் வைத்தாள். கண்ணீரும் ரொட்டியுமாக மென்றாள். நான் மிச்சமிருந்த சூப்பை ஊற்றி வைத்தேன், அதையும் குடித்தாள். எத்தனை நாள் பட்டினியோ, ஆரம்பித்த கை நிற்கவில்லை. எதிரே மாமாவின் தோள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. வேர்வை அடங்கியது. நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவள் கடைசி வாய் விழுங்கியபோது அவரும் விழுங்கினார். பிறகு வயிற்றைத் தடவிக்கொண்டு, “அப்பாடா, போதும்” என்றார்.

அன்றிலிருந்து அக்கா சாப்பிட்டாள். மாமா வாயில் ஒன்றும் வைக்கவில்லை. கொண்டுபோய் நீட்டினால், உன் பசியைத் தீர்த்தால் என் பசி தீர்ந்தது என்கிற மாதிரி ஒரு சிரிப்பு. டாக்டர் கையை விரித்தார். எலும்பும் தோலுமாகத்தான் போனார், ஆனால் பசியோடு போகவில்லை. உயிர் போன அன்று மத்தியானம் அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருந்தாள், அவர் கண்ணை மூடிக்கொண்டு கூடவே மென்றுகொண்டிருந்தார், பாதியில் நின்றுவிட்டது. அதை அவள் என்னிடம் சொன்னபோது நான் அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். அவள் அழவில்லை, எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

காரியமெல்லாம் முடிந்து அவள் மறுபடியும் வேலைக்கு வந்தது எனக்குப் பெரிய ஆறுதல். உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது. கம்பெனியிலும் சந்தோஷப்பட்டார்கள், தராசு மறுபடி சரியாகிவிட்டது என்று. குமிழும் ரொட்டியும் பழையபடி ஒத்துப்போயின. நான் சட்டப்படி என்ன வரவேண்டுமோ அதையே தள்ளினேன். கிழங்கு வரும் நாளில் நிறைந்தாள், பன் வரும் நாளில் பசித்தாள். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். எனக்கு எப்போதுமே அவசரம் அதிகம்.

போன வாரம் முட்டைத் தட்டு. எடுத்துக்கொண்டு போனேன். சின்னக் கதவுக்கு மேலே, உள்ளேயிருக்கும் குமிழ் எங்கே நிற்கிறது என்று காட்டும் முள் ஒன்று எங்கள் பக்கம் உண்டு. முள் ‘போதும்’ பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. யாரோ தட்டிவிட்டார்கள் போல என்று நினைத்துக் கதவைத் தூக்கினேன். தட்டு இன்னும் என் கையில்தான் இருந்தது, முட்டையிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

சிவப்பு வெளிச்சத்தில் அக்காவின் கைகள் பலகைமேல் ஓய்வாக இருந்தன. சட்டத்தை மீறிக் குனிந்து உள்ளே பார்த்தேன். அவள் மென்றுகொண்டிருந்தாள்.

“அக்கா, நான் இன்னும் தரவே இல்லையே” என்றேன்.

விழுங்கி முடித்த பிறகுதான் பதில் சொன்னாள். “வேண்டாம்மா. வயிறு நெறஞ்சிருச்சு. அங்க நல்லாப் போடறாங்க அவருக்கு. உப்பெல்லாம் சரியா இருக்கு.”

இப்போது தினமும் அப்படித்தான். எடை இறங்க ஆரம்பித்துவிட்டது. மேடம் மறுபடியும் உடம்பு சரியில்லை என்கிறார். எனக்கு என்ன செய்ய வேண்டும் என்று நன்றாகத் தெரியும். எதைக் கொடுத்தால் சீக்கிரம் பசிக்கும், எதைக் கொடுத்தால் நெடுநேரம் தாங்கும் என்று எனக்கு அத்துப்படி. அவருக்குப் போகிற தட்டை மாற்றினால் போதும், இவள் சாப்பிட்டுவிடுவாள். பொரியைத் தள்ளுங்கள், சர்க்கரைத் தண்ணீரைத் தள்ளுங்கள், கிழங்கு மட்டும் வேண்டாம் என்று நான் கெஞ்சிக்கேட்பேன், காலில் விழச் சொன்னாலும் விழுவேன். ஆனால் அந்தப் பக்கம் தட்டுத் தள்ளுகிறவர் யாரென்று எனக்குத் தெரியாது.